சக்கரத்தில் ஓர் அலுவலகம் - 6: இன்வெர்ட்டர் தின்னும் கரன்ட்

கேம்பர் வேனில் இருந்துகொண்டே வேலை பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'எத்தனை ஆம்பியர்-அவர் பேட்டரி போடலாம்?' என்றுதான். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ வண்டியை நிறுத்திவிட்டு சிறுசேரி அலுவலகத்தின் மீட்டிங்கில் உட்கார வேண்டியவருக்கு அந்தக் கவலை நியாயமானதே. ஆனால், பேட்டரியிலிருந்து லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் கரன்ட் எந்த வழியாகப் போகிறது என்பதை முடிவு செய்த பிறகே பேட்டரியின் அளவைப் பேச முடியும். நம் ஊரில் இதை யாரும் யோசிப்பதே இல்லை. வழி என்றால் இன்வெர்ட்டர். 2008க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலம் தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. வீட்டில் ஃபேன், லைட், டி.வி. எல்லாம் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தில் ஓடுவதால் அங்கே அது சரி. வண்டிக்குள் கதை வேறு. பேட்டரி தருவது டி.சி.; லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் வேண்டியதும் டி.சி. நடுவில் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றுகிறது, அடாப்டர் அதே 230ஐ மீண்டும் 20 ஆகவோ 12 ஆகவோ இறக்குகிறது. ஏறும்போது ஒரு பங்கு சூடாகப் போகிறது, இறங்கும்போது இன்னொரு பங்கு.

போகிற பங்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். சாதாரண அலுவலக வேலையில் ஒரு லேப்டாப் சராசரியாக 30 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்துக்கு 240 வாட்-அவர். சிம் போட்ட ரவுட்டர் வெறும் 8 வாட்தான். ஆனால் அதை யாரும் அணைப்பதில்லை, 24 மணி நேரத்தில் 192 வாட்-அவர் ஆகிவிடுகிறது. மூலையில் பச்சை விளக்கோடு சும்மா கிடக்கும் பெட்டி, கிட்டத்தட்ட லேப்டாப் அளவுக்குச் சாப்பிடுகிறது! இன்வெர்ட்டர் அதையும் மிஞ்சும். நடுத்தர அளவு இன்வெர்ட்டர் ஒன்று, எதையுமே இணைக்காமல் 'ஆன்' செய்து வைத்தாலே 10 முதல் 20 வாட் வரை இழுக்கும். 15 என்று கொண்டால், அந்த 8 வாட் ரவுட்டரை இன்வெர்ட்டர் வழியாக ஓட்ட பேட்டரியிலிருந்து 24 வாட் போகும். ஒரு நாளைக்கு 576 வாட்-அவர். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இருப்பதே 1,280 வாட்-அவர்தான். ரவுட்டர் மட்டுமே அதை இரண்டு நாள் சொச்சத்தில் காலி செய்துவிடும். அதே ரவுட்டரை ஒரு சிறிய டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் வழியாக நேரடியாக இணைத்தால், கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து அதே பேட்டரி ஆறு நாள் தாங்கும்.

இது வண்டிக்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கரன்ட் போனாலும் வீட்டு லேண்ட்லைன் போன் வேலை செய்தது நினைவிருக்கலாம். எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரி வரிசைதான் அதற்குக் காரணம். இன்றைய செல்போன் டவர்களின் கருவிகளும் பெரும்பாலும் அதே 48 வோல்ட் டி.சி.யில்தான் ஓடுகின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு வீடுகளுக்கே 48 வோல்ட் டி.சி. வயரிங்கை வடிவமைத்து, ராஜஸ்தானின் பாலைவனக் கிராமங்களில் சோலாரோடு பொருத்தியது. ஃபேனும் லைட்டும் டி.சி.க்கு மாறும்போது, பிறவியிலேயே டி.சி.யான லேப்டாப்பை ஏ.சி. வழியாகச் சுற்றிக் கொண்டுவருவது வினோதம்தான்.

'இதற்கு ஏன் இத்தனை கணக்கு? இன்னொரு பேட்டரி போட்டுவிட்டால் போகிறது' என்பார்கள். போடலாம், விலையும் எடையும் இருக்கட்டும், அதை நிரப்புவது எப்படி? 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் பொருத்திய வண்டி, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து சேரும் 30 கிலோமீட்டரில் 200 முதல் 250 வாட்-அவர் வரைதான் சேர்க்கும். நேரடி இணைப்பில் அது லேப்டாப்பின் ஒரு நாள் வேலைக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். இன்வெர்ட்டர் வழியில் ரவுட்டரின் அரை நாள் பாட்டுக்குக்கூடப் போதாது. மிக்ஸிக்கு என்ன செய்வது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. மிக்ஸிக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இன்வெர்ட்டர் வேண்டியதுதான். சட்னி அரைத்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும், அவ்வளவே. டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் 100 வாட் கார் சார்ஜர் ஒன்று போதும். பழைய உருண்டைப் பின் லேப்டாப்புக்கு அதற்கேற்ற வோல்ட்டேஜ் தரும் கன்வெர்ட்டரைத் தேடி வாங்க வேண்டியிருக்கும்; அது தொல்லைதான், மறுப்பதற்கில்லை.

வலுவான ஆட்சேபம் வயரிங் பற்றியது. 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில், வீட்டுக்கு வாங்கி மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்துவிடுகிறார்கள். 100 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி மேஜை இருந்தால், போக வர 10 மீட்டர் வயரில் சுமார் 1 வோல்ட் கரைந்துவிடும். இன்வெர்ட்டரைத் தவிர்த்து மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி இப்படி வயரிலேயே போகும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். பாசிட்டிவ் முனையில், பேட்டரியை ஒட்டியே, ஃபியூஸ் இருந்தாக வேண்டும். ஷாக் அடிக்காத 12 வோல்ட், ஷார்ட் ஆனால் வண்டியையே கொளுத்தும். ரவுட்டரின் அடிப்பக்கம் '12V' என்று போட்டிருப்பதை நம்பி பேட்டரியோடு அப்படியே சேர்க்கவும் கூடாது. சார்ஜ் ஆகும்போது அந்த '12 வோல்ட்' 14.4 வரை ஏறும். ஏறினாலும் இறங்கினாலும் 12ஐயே தரும் கன்வெர்ட்டர் நடுவில் வேண்டும். இந்தக் கரையில் உப்புக்காற்று வேறு. வெறும் செம்பு முனைகளில் பச்சை பூத்துத் தொடர்பு தளர்ந்து சூடேறும் என்பதால், ஈயம் பூசிய வயரும் இறுக்கமாக கிரிம்ப் செய்த முனையும் கேட்டு வாங்குவது நல்லது.

இந்த ஏற்பாடு வேனோடு முடிவதும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. கடலோர வீட்டில் மின்சாரம் போகும் அந்த மாதிரி நாட்களில் ரவுட்டரை மட்டும் உயிரோடு வைக்க இதே கன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும். டவரின் பேட்டரி தீர்ந்து, அங்கே டீசலும் வந்து சேராவிட்டால் நம் ரவுட்டர் எரிந்து பயனில்லை. அப்போது வேறு கம்பெனி சிம் கைகொடுக்கும் என்று நினைப்பதும் நிச்சயமில்லை. பல கம்பெனிகள் ஒரே டவரில்தான் குடியிருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையின் மூடிய வானத்தில் கூரை சோலார் பேனல் எவ்வளவு தரும் என்பது அடுத்த வாரக் கணக்கு.