அந்தரங்க ரோமம்: எடுத்தே ஆகணுமா? எடுத்தால் எரியாமல் இருக்க என்ன வழி?

தலைவலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் பத்துப் பேர் நடுவில் சத்தமாகக் கேட்கிறோம். இருமல் மருந்தையும் அப்படித்தான். ஆனால் 'அந்த இடத்தில்' அரிப்பு என்றால் மட்டும் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று வாங்கி, பையில் மறைத்துக்கொண்டு வீடு வந்து சேருகிறோம்.

பல்லடம் பக்கம் தறிக் குடோனிலும், கோழிப் பண்ணையிலும், பக்கத்துத் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். மணிக்கணக்கில் நின்றபடியோ உட்கார்ந்தபடியோ வேலை. பஞ்சுத் தூசு, வெக்கை, வியர்வை. உடுத்திய துணியை மாற்ற வீடு திரும்ப வேண்டும். தொடை இடுக்கு நசநசக்கிறது, அரிக்கிறது. "முடி இருக்கறதாலதான் அரிக்குது" என்று முடிவு கட்டி, குளியலறையில் கிடக்கும் பழைய பிளேடை எடுத்து மழித்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் பார்த்தால் முள் குத்துவது போல அரிப்பு, சிவந்த பொரிப் பொரியான கொப்புளங்கள்!

ஏன் இப்படி? விவரமாகப் பார்ப்போம்.

முடி அழுக்கு இல்லை

பருவ வயதில் இந்த ரோமம் முளைப்பது இயற்கை. தோலோடு தோல் உராய்வதை அது குறைக்கிறது. மென்மையான பகுதிக்கு ஒரு திரை போல இருக்கிறது. தலைமுடி மாதிரி இது நீண்டுகொண்டே போவதில்லை. ஓர் அளவுக்கு மேல் வளராமல் உதிர்ந்து, புதிதாக முளைக்கும்.

'எடுத்தால்தான் சுத்தம்' என்பது தவறான எண்ணம். தினமும் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்தாலே சுத்தம்தான். எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். மத வழக்கத்துக்காக எடுப்பவர்கள் உண்டு. மாதவிலக்கு நாட்களில் வசதிக்காக எடுப்பவர்களும் உண்டு. எடுப்பதில் தப்பில்லை. எடுக்கிற விதத்தில்தான் வினை வருகிறது.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது?

பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை. தோலின் மேல் அடுக்கையும் சீவிக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் அந்தக் கீறல் வழியே மயிர்க்காலுக்குள் புகுந்தால் சீழ்க் கொப்புளம்.

இன்னொரு சங்கடம், அங்கே முடி சுருள் சுருளாக இருப்பது. ஒட்ட மழித்தபின் கூராக முளைக்கும் முடி வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே குத்துகிறது. அதுதான் முளைக்கும்போது வருகிற அந்த அரிப்பும் கட்டியும்.

பிரசவத்துக்குப் போகும் முன்...

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துட்டுப் போயிடு கண்ணு, நர்சம்மா சத்தம் போடுவாங்க" என்று நிறைமாதப் பெண்ணிடம் பெரியவர்கள் சொல்வதுண்டு. வயிறு மறைக்க, கீழே பார்க்கக்கூட முடியாத நிலையில் அவள் பிளேடோடு போராடுவாள்.

இது தேவையில்லை. சாதாரணப் பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரையில் தெளிவாகவே இருக்கிறது. ஆபரேஷனுக்கும் அதே கதைதான். அமெரிக்காவில் 1971-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் பிளேடால் மழித்தவர்களில் 100-க்கு 5.6 பேருக்குக் காயத்தில் சீழ் பிடித்தது. கிரீமால் நீக்கியவர்கள், எதுவுமே செய்யாதவர்கள் இவர்களில் 100-க்கு 0.6 பேருக்கு மட்டும்தான்! முடியை அப்படியே விடலாம். எடுத்தே ஆகவேண்டுமென்றால் கிளிப்பர் மிஷினால் வெட்டலாம், மழிப்பது கூடாது என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

ஆகவே நிறைமாதப் பெண்களே, நீங்களாக வீட்டில் பிளேடைத் தொடாதீர்கள். என்ன செய்யவேண்டும் என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

கத்தரிக்கோல் போதும்!

எரிச்சலே வராத வழி எது என்று கேட்டால், வெட்டிக் குட்டையாக்குவதுதான். தோலைத் தொடாததால் கீறலும் இல்லை, உள்ளே குத்தும் முடியும் இல்லை.

முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல் ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில், வழுக்காத இடத்தில் உட்கார்ந்து, முடி உலர்ந்திருக்கும்போது, சீப்பால் தூக்கிப் பிடித்து வெட்டுங்கள். கால் அங்குலம் விட்டுவிடுங்கள். காப்பு வைத்த ட்ரிம்மர் இருந்தால் இன்னும் சுலபம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி எடுத்து வையுங்கள்.

மழித்தே ஆகணும்னா...

* முதலில் கத்தரியால் குட்டையாக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊற விடுங்கள். முடி இளகும்.
* பல்லடம் வட்டாரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் சோப்பு நுரைக்காது. தோலில் பிசுபிசுப்பாகப் படிந்துவிடும். இதற்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். வாசனை அதிகமில்லாத ஷேவிங் கிரீம் நல்லது.
* புது பிளேடு. உங்களுடையது மட்டும். கணவருடைய ரேஸர்கூட வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி போன்ற ரத்தத்தில் பரவும் கிருமிகள் பிளேடு வழியாகத் தொற்றக்கூடும்.
* முடி படிந்திருக்கும் திசையிலேயே, அழுத்தாமல் இழுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள்.
* வெளித்தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளிதழ்ப் பக்கம் பிளேடே போகக்கூடாது.
* குளிர்ந்த நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். டெட்டால், சென்ட், பவுடர், எலுமிச்சை எதுவும் வேண்டாம்.
* இரவில் செய்தால் மறுநாள் வியர்வையில் நனைவதற்குள் தோலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். தளர்வான காட்டன் உள்ளாடை போடுங்கள். பனியன் துணி உலகத்துக்கே போகிற ஊர் பக்கத்திலேயே இருக்க, நமக்கு நைலான் எதற்கு?

கிரீமும் வாக்ஸும்

ஹேர் ரிமூவர் கிரீம்களில் பெரும்பாலும் இருப்பது தயோகிளைகோலேட் என்ற ரசாயனம். முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தை அது கரைக்கிறது. நம் தோலின் மேலடுக்கிலும் அதே கெரட்டின்தானே! கூடுதல் நேரம் வைத்தால் தோலும் வெந்துபோகும். அட்டையைப் படியுங்கள், அந்தரங்கப் பகுதிக்கு ஆகாது என்று போட்டிருந்தால் ஆகாதுதான். ஆகும் என்றிருந்தாலும் முதலில் சிறிதளவு தடவிப் பார்த்து 24 மணி நேரம் காத்திருங்கள். மழித்த அன்றே கிரீம் கூடாது.

வாக்ஸிங் முடியை வேரோடு பிடுங்குவது. சூடு அதிகமானால் புண்ணாகும். வீட்டில் நீங்களே அந்த இடத்தில் செய்ய வேண்டாம். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாக்ஸ் பக்கமே போகக்கூடாது. தோல் உரிந்து வந்துவிடும்.

அந்த 'ட்யூப்' இருக்கிறதே...

இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக்கூடாத பகுதி இதுதான்.

தொடை இடுக்கில் வரும் எல்லா அரிப்புக்கும் முடி காரணமில்லை. வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நாளுக்கு நாள் விரிந்தால் அது படர்தாமரை. பூஞ்சைக் கிருமி. வியர்வையும் இறுக்கமான துணியும் அதற்கு விருந்து. அதன்மேல் பிளேடு போட்டால் கிருமி பக்கத்து இடங்களுக்கும் பரவும்.

கடையில் கேட்டு வாங்கும் பல ட்யூப்களில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு சட்டென்று அடங்கும். "அட, நல்ல மருந்து!" என்று தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பு சக்தியை அமுக்கிவிடுவதால், பூஞ்சை அடியில் சாவகாசமாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிட மோசம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, தொடையில் அழியாத கோடுகள் விழும். நாடு முழுவதும் தோல் டாக்டர்கள் எச்சரித்ததன் பேரில், 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

படர்தாமரைக்கு வாரக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் சேர்ந்தே வைத்தியம் செய்யுங்கள். முக்கியமாக, உள்ளாடையைப் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் பழக்கத்தை விடுங்கள். வெயிலில் நன்றாகக் காயட்டும். வெயிலுக்கா நம்ம ஊரில் பஞ்சம்?

உடனே டாக்டரிடம் போகவேண்டியது எப்போது?

சீழ்க்கட்டி பெரிதாகி வலித்தால், காய்ச்சல் வந்தால், சிவப்பு வேகமாகப் பரவினால் தாமதிக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறு கொப்புளத்தைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது. அவர்கள் மழிக்காமல் இருப்பதே உத்தமம். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம்.

சில சந்தேகங்கள்

*மழித்தால் முடி தடிப்பாக வளருமாமே?*
இல்லை. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர் 1928-லேயே இதைச் சோதித்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ கூடுவதில்லை என்று காட்டிவிட்டார். வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

*உள்ளே வளர்ந்த முடியை ஊசியால் எடுக்கலாமா?*
கூடாது. வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். சில வாரங்கள் மழிக்காமல் விட்டால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும்.

*ஆண்களுக்கும் இதேதானுங்களா?*
ஆமாங்க. விரைப்பையின் தோல் சுருக்கம் சுருக்கமாக, மிக மெல்லியதாக இருப்பதால் அங்கே பிளேடும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். கத்தரி மட்டும் போதும்.

பருவம் வந்த மகளுக்கு நாப்கின் வைக்கச் சொல்லித்தருகிற அம்மாக்கள், இதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவளுக்குச் சொல்லித்தரப் போவது பழைய பிளேடும், பேர் தெரியாத ட்யூபும்தான்.