சில்லரில் அலாரம் அடித்தால்: ரீசெட்டுக்கு முன் ஒரு போட்டோ

மாலை ரிசப்ஷன். மண்டபம் நிறைந்துவிட்டது. திடீரென்று ஏசி காற்றில் குளிர் இல்லை. கீழே ப்ளான்ட் ரூமில் சில்லர் நின்றுவிட்டது. பேனலில் சிவப்பு விளக்கு, கூடவே அலாரம். "ரீசெட் அடிச்சுப் பாருப்பா, ஓடிடும்" என்கிறார் ஒருவர். ஓடுகிறது. பத்து நிமிடத்தில் மறுபடியும் நிற்கிறது. மறுபடியும் ரீசெட்.

இங்கேதான் பல லட்ச ரூபாய் செலவு ஆரம்பிக்கிறது. அலாரம் என்பது மெஷினின் கோளாறு அல்ல. மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. காரணத்தைச் சரிசெய்யாமல் ரீசெட் செய்தால், அந்தப் பாதுகாப்பை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

நீங்கள் மருத்துவமனை, ஜவுளிக்கடை, மண்டபம் அல்லது அலுவலகக் கட்டடத்தைக் கவனித்துக்கொள்பவரா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல் வேலை: போட்டோ

ரீசெட்டைத் தொடாதீர்கள். செல்போனை எடுத்து பேனல் திரையைப் படம் பிடியுங்கள். அலாரம் எண், நேரம், தண்ணீர் வெப்பநிலை, கேஸ் பிரஷர், ஆம்பியர் எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். சில பழைய பேனல்களில் ரீசெட் செய்தவுடன் இந்த விவரங்கள் போய்விடும். சர்வீஸ் ஆள் வரும் முன்பே படத்தை அவருக்கு அனுப்பினால், தேவையான சாமானோடு வருவார்.

சில்லர் எப்படி வேலை செய்கிறது?

வாட்டர் கூல்டு சில்லரில் தண்ணீர் இரண்டு தனித்தனிச் சுற்றாக ஓடுகிறது. ஒன்று கட்டடத்துக்குள் சுற்றும் குளிர்ந்த தண்ணீர். சுமார் 12 டிகிரி செல்சியஸில் திரும்பி வந்து, எவாப்பரேட்டரில் 7 டிகிரிக்குக் குளிர்ந்து போகும். மற்றொன்று மொட்டை மாடி கூலிங் டவருக்குப் போய் வரும் தண்ணீர். கண்டன்சருக்குள் சுமார் 32 டிகிரியில் நுழைந்து 37 டிகிரியில் வெளியேறும். நடுவில் கேஸ், கம்ப்ரசர். பெரும்பாலான அலாரம் இந்தத் தண்ணீர்ச் சுற்றுகளில் ஏதோ ஒன்று தடைபட்டதால்தான் வரும்.

1. ஃப்ளோ அலாரம்: தண்ணீர் போதவில்லை

பம்ப் ஓடுகிறதா, வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா, ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சமீபத்தில் கேபிள் வேலை நடந்திருந்தால் பம்ப் தலைகீழாகச் சுற்றலாம். சத்தம் கேட்கும், தண்ணீர் மட்டும் குறைவாக வரும்.

"ஃப்ளோ ஸ்விட்ச்தான் தொல்லை, ஷார்ட் பண்ணிடலாம்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். ஓட்டம் இல்லாத தண்ணீர் எவாப்பரேட்டர் குழாய்க்குள் உறைந்துவிடும். பனிக்கட்டியானால் தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும், குழாய் வெடிக்கும். தண்ணீர் கேஸ் பக்கம் புகுந்தால் கம்ப்ரசரும் போய்விடும்.

2. லோ பிரஷர் அலாரம்

"கேஸ் கம்மி, டாப் அப் பண்ணணும்" என்பதுதான் முதலில் கேட்கும் வார்த்தை. அதற்கு முன் குளிர்ந்த தண்ணீரின் ஓட்டத்தைப் பாருங்கள். ஏசி யூனிட்களின் ஃபில்டர் அழுக்காக இருந்தாலும் இந்த அலாரம் வரலாம். உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

3. ஹை பிரஷர் அலாரம்

திருச்சி வெயிலில் அடிக்கடி தலைவலி தருவது இதுதான். உள்ளே சேரும் வெப்பம் கண்டன்சர் வழியாக வெளியேறவில்லை என்று அர்த்தம். படத்தில் உள்ள எண்களே காரணத்தைச் சொல்லும்:

• நுழையும் தண்ணீரே வழக்கத்தைவிடச் சூடா? கூலிங் டவரைப் பாருங்கள்: ஃபேன் சுற்றுகிறதா, பெல்ட் தளர்ந்ததா, தண்ணீர் சீராகப் பரவி விழுகிறதா?

• நுழையும், வெளியேறும் தண்ணீரின் வித்தியாசம் 5 டிகிரியைவிட நன்றாகக் கூடியிருக்கிறதா? தண்ணீர் குறைவாக ஓடுகிறது. பம்ப், ஸ்ட்ரெய்னர் பாருங்கள்.

• இரண்டும் சரி, ஆனால் கண்டன்சரில் கேஸின் வெப்பநிலை வெளியேறும் தண்ணீரைவிட முன்பைக் காட்டிலும் அதிக டிகிரி தள்ளி நிற்கிறதா? குழாய்க்குள் உப்பு படிந்திருக்கலாம். சுத்தம் செய்ய வேண்டும்.

உப்பு ஏன் படிகிறது? 100 டன் சில்லரின் கண்டன்சருக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,100 லிட்டர் தண்ணீர் சுற்றுகிறது. அதில் ஏறக்குறைய 1 சதவீதம் டவரில் ஆவியாகிறது. முழு லோடில் மணிக்குச் சுமார் 650 லிட்டர். ஆவி போய்விடும், உப்பு தங்கிவிடும். போர் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம் படியும். அதனால்தான் டவர் தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றி, புதுத் தண்ணீர் விட வேண்டும்.

4. மின்சார அலாரம்

ஒரு ஃபேஸ் போனாலும், மூன்று ஃபேஸின் வோல்டேஜ் சமமாக இல்லாவிட்டாலும் சில்லர் நிற்கும். கணக்கு எளிது. மீட்டர் 400, 410, 420 என்று காட்டினால் சராசரி 410; அதிலிருந்து அதிக விலகல் 10. அதாவது சுமார் 2.4 சதவீதம். பல தயாரிப்பாளர்கள் 2 சதவீதத்தையே எல்லையாக வைக்கிறார்கள். வோல்டேஜில் சிறிய வித்தியாசம்கூட மோட்டார் கரண்டில் பல மடங்காகி, வைண்டிங்கைச் சூடாக்கும்.

உங்கள் கட்டடத்தின் மெயின் ஸ்விட்ச் முனையில் வோல்டேஜ் சரியாக இருந்தால் கோளாறு உள் வயரிங்கில். அங்கேயே சரியில்லை என்றால், சொந்த டிரான்ஸ்பார்மர் உள்ளவர்கள் முதலில் அதைச் சோதியுங்கள். சப்ளையில்தான் குறை என்றால், மன்னார்புரம் மின் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். 2021 ஜூனில் தொடங்கிய மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். மின் இணைப்பு எண்ணையும், எந்த ஃபேஸில் எவ்வளவு வோல்டேஜ் என்பதையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

• காரணம் தெரியாமல் ரீசெட் வேண்டாம். காரணத்தைச் சரிசெய்த பிறகு ஒரு முறை செய்யலாம். மீண்டும் அதே அலாரம் வந்தால் நிறுத்திவிட்டு சர்வீஸை அழையுங்கள்.
• ஆயில் பிரஷர், மோட்டார் ஓவர்லோடு அலாரங்களில் ஒரு ரீசெட்கூட வேண்டாம்.
• அலாரம் செட்டிங்கை மாற்ற யாரையும் விடாதீர்கள்.
• மின் பேனலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டும் திறக்கட்டும்.
• கேஸ் லீக் என்று சந்தேகம் வந்தால் ப்ளான்ட் ரூமை விட்டு உடனே வெளியே வாருங்கள். இந்த கேஸ் பெரும்பாலும் காற்றைவிட கனமானது. தரையோடு தேங்கி மூச்சுத்திணற வைக்கும். அவசரத்துக்கு 112.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சில்லர் நன்றாக ஓடும்போதே பேனலை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அந்த எண்களை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நல்ல நாளின் எண் தெரிந்தால்தான், கெட்ட நாளில் எது மாறியது என்று கண்டுபிடிக்க முடியும்.