சாம்பல் அகற்றப்படுகிறது; பயன்படுகிறதா?

புது தில்லி: உத்தரப் பிரதேச மாநிலம் சோன்பத்ரா மாவட்டத்தில், ரிஹந்த் ஆற்றின் குறுக்கே நிற்கிறது ரிஹந்த் அணை. 1962-இல் பணி நிறைவடைந்த இந்தக் கான்கிரீட் அணையில், சிமென்டில் சுமார் 15 சதவீதத்தைக் குறைத்து, அந்த இடத்தில் நிலக்கரிச் சாம்பலைக் கலந்தனர் பொறியாளர்கள். இந்தியாவில் இத்தகைய முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

அதே அணையின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி, சிங்ரௌலி நிலக்கரி வயலை நம்பிப் பிற்காலத்தில் பெரும் அனல் மின் நிலையங்கள் எழுந்தன. 2019 அக்டோபரில் விந்தியாசல் மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக் கரை உடைந்தது. 2020 ஏப்ரல் 10-இல் சாசன் மின் நிலையத்தின் கரை உடைந்து, குழந்தைகள் உள்பட 6 பேரைச் சாம்பல் சேறு அடித்துச் சென்றது. வயல்கள் புதைந்தன. இரு முறையும் சேறு அந்த நீர்த்தேக்கத்தை நோக்கியே பாய்ந்தது.

அணைக்கு உறுதி தந்த பொருளே அணை நீரில் நஞ்சாகக் கலந்தது எப்படி? எண்ணூர் கழிமுகத்தில் படிந்த சாம்பலைக் கண்டிருக்கும் தமிழக மக்களுக்கும் இந்தக் கேள்வி அன்னியமானதல்ல.

சட்டம் வந்த பிறகு...

இந்திய நிலக்கரியை எரித்தால் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பலாக எஞ்சும். 1996-97-இல் நாட்டின் அனல் மின் நிலையங்களில் சுமார் 6 கோடியே 90 லட்சம் டன் சாம்பல் உருவானது. அதில் 10 சதவீதம்கூடப் பயன்படுத்தப்படவில்லை. இந்நிலையில்தான் 1999 செப்டம்பர் 14-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முதல் அறிவிக்கையை வெளியிட்டது. மின் நிலையங்கள் 10 ஆண்டுகளுக்குச் சாம்பலை இலவசமாகத் தர வேண்டும், 50 கி.மீ. சுற்றளவில் உள்ள செங்கல் சூளைகள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றது அது. அந்தச் சுற்றளவு 2003-இல் 100 கி.மீ. ஆகவும், 2016-இல் 300 கி.மீ. ஆகவும் விரிந்தது. 2021 டிசம்பர் 31-இல் வெளியான அறிவிக்கை, முழுச் சாம்பலையும் பயன்படுத்தத் தவறும் மின் நிலையங்களுக்கு டன்னுக்கு ரூ.1,000 இழப்பீடு விதிக்க வகை செய்தது.

பலன் கண்கூடு. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, 2020-21-இல் 23 கோடி டன்னுக்கு மேல் உருவான சாம்பலில் 92 சதவீதம் பயன்படுத்தப்பட்டது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பும்போதெல்லாம் அமைச்சர்கள் எடுத்துரைப்பது இத்தகைய சதவீதத்தைத்தான்.

ஆனால், "பயன்பாடு' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் பல அடங்கியுள்ளன. சிமென்டில் கலப்பதும் பயன்பாடு. தாழ்வான நிலத்தை மேடாக்குவதும் பயன்பாடு. சுரங்கப் பள்ளத்தை நிரப்புவதும் பயன்பாடு. சிமென்ட் துறைக்குச் செல்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. பள்ளத்தில் கொட்டிய ஒரு டன்னுக்கும், பாலத்தில் கலந்த ஒரு டன்னுக்கும் கணக்கேட்டில் வேறுபாடு இல்லை.

ஏன் இந்த வேறுபாடு முக்கியம்?

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறக்குறைய 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுக்கும் கட்டிகளே கிளிங்கர். அதை அரைத்தால் சிமென்ட். ஒரு டன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதல்ல. சுண்ணாம்புக் கல்லே வெப்பத்தில் சிதைந்து வெளியிடுவது. எனவே, எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. கிளிங்கரைக் குறைப்பதே வழி. சீனாவுக்கு அடுத்து உலகில் அதிக சிமென்ட் தயாரிக்கும் நாடு இந்தியா என்பதால், இங்கு குறையும் ஒவ்வொரு சதவீதமும் பெரிது.

இதில் தரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. சிமென்ட் தண்ணீருடன் வினைபுரியும்போது, ஜல்லியையும் மணலையும் பிணைக்கும் பசையுடன், வலுவில்லாத சுண்ணாம்பும் உண்டாகிறது. நுண்ணிய சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்புடன் சேர்ந்து, அதையும் பசையாக மாற்றுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன. உப்பும் நீரும் உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வது தாமதமாகிறது. இரும்பு ஆலைகளின் ஊதுலைக் கசடுத் தூளும் இவ்வாறே உதவும்.

சிமென்ட் துகளைவிட ஏறத்தாழ 100 மடங்கு சிறிய சிலிக்கா புகைத்தூள் இன்னும் வீரியமானது. கர்நாடகத்தின் கைகா அணு மின் நிலையத்தில் 1994 மே மாதம், கட்டுமானத்தின்போது உள் குவிமாடத்தின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. குவிமாடத்தின் வடிவமைப்பை மாற்றி மீண்டும் கட்டியபோது, சிலிக்கா புகைத்தூள் கலந்த எம்-60 கான்கிரீட்டையே தேர்ந்தெடுத்தனர். 28 நாள்களில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதே எம்-60. சாதாரண வீடுகளில் பயன்படும் எம்-20 கான்கிரீட்டைப்போல் இது மூன்று மடங்கு.

மூட்டையில் இருப்பது, தளத்தில் இல்லாதது

அணு மின் நிலையத்தில் ஒவ்வொரு கலவையையும் சோதிக்க ஆய்வகம் உண்டு. சாமானியர் வீடு கட்டும் இடத்தில்? இந்தியாவில் விற்கும் சிமென்டில் பாதிக்கும் மேற்பட்டது இன்று சாம்பல் கலந்த பி.பி.சி. வகைதான். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆக, வீடு கட்டும் பலரும் அறிந்தோ அறியாமலோ இம்மாற்றத்தில் பங்கேற்கின்றனர்.

இங்குதான் சிக்கல். சாம்பல் மெதுவாகவே வினைபுரியும். அதற்கு ஈரம் நீடிக்க வேண்டும். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள்கள் தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டும் என்று கூறும் ஐ.எஸ். 456 விதித் தொகுப்பு, கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள்கள் என்கிறது. 14 நாள்கள்வரை நீட்டிப்பது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. மூன்றாம் நாளே தளம் காய்ந்து கிடந்தால், உள்ளே இருக்கும் சாம்பல் வெறும் தூசுதான். பழி சாம்பல்மீது விழும், "கலப்பட சிமென்ட்' என்று பேச்சு எழும். உண்மையில் குறைந்தது தண்ணீர்.

எல்லாச் சாம்பலும் இதற்கு உதவாது என்பதும் கவனிக்கத்தக்கது. புகைபோக்கிக்கு முன்பே மின்னியல் வடிகட்டியில் பிடிக்கப்படும் உலர்ந்த, நுண்ணிய சாம்பலே சிமென்டுக்கு ஏற்றது. தண்ணீருடன் குட்டையில் கொட்டப்பட்டுப் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பருமனான சாம்பலுக்கு அந்த வீரியம் இல்லை. இன்று வீணாகும் நல்ல சாம்பல், நாளை கரை உடைக்கும் சேறு.

எதிர்காலத்திலும் சாம்பல் இதே அளவில் கிடைக்கும் என்று இருந்துவிட முடியாது. நிலக்கரி மின்சாரம் குறையக் குறைய அதுவும் குறையும். அதனால்தான் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல் தூளும் கலந்த புதிய வகை சிமென்டை சென்னை, தில்லி, மும்பை ஐ.ஐ.டி.க்கள் உள்ளிட்ட நிறுவனங்கள் ஆராய்ந்தன. 2023-இல் அதற்குத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. ஆனால், எந்தத் தூளாக இருந்தாலும் நிபந்தனை ஒன்றுதான்: சரியான தூள், சரியான அளவு, போதிய ஈரம்.

எத்தனை டன் அகற்றப்பட்டது என்று கேட்க அரசு கற்றுக்கொண்டு கால் நூற்றாண்டு ஆகிறது. அதில் எவ்வளவு சிமென்டின் இடத்தை நிரப்பியது, எவ்வளவு பள்ளத்தில் விழுந்தது, அரசே கட்டும் வீடுகளிலும் பள்ளிகளிலும் எத்தனை நாள்கள் தண்ணீர் ஊற்றப்பட்டது என்பவை அடுத்த கேள்விகள். ரிஹந்த் அணையில் ஆறு பதிற்றாண்டுகளுக்கு முன் கலந்த சாம்பல் இன்றும் நீரைத் தாங்கி நிற்கிறது. அதன் கரையோர கிராமங்களுக்கு, 92 சதவீதம் என்ற பதில் போதாது.