தொண்டர் வீட்டில் தொண்டு செய்வது யார்?

தியாகராய நகரிலுள்ள கலியாண மண்டபங்களில் விவாகங்களோடு சஷ்டியப்த பூர்த்திகளும் சதாபிஷேகங்களும் நடைபெறுவதை வாசகர்கள் அறிவார்கள். பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே சீமந்தம். பிறந்தபின் பெயர் சூட்டுதல், காது குத்துதல். அறுபதில் மறுபடியும் மாலை மாற்றுதல். எண்பதில், ஆயிரம் பிறை கண்ட பெருமைக்காகக் கலச தீர்த்தம். மனித வாழ்வின் ஒவ்வொரு படிக்கும் நம் முன்னோர் ஒரு நாளைக் குறித்து வைத்தார்கள். ஆனால் தகப்பனார் குளியலறைக்குத் தனியே போக முடியாமற்போன நாளுக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் முகூர்த்தமில்லை. தாயார் பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்று கேட்ட நாளுக்கும் இல்லை. அந்த நாளில்தான் அவ்வீட்டிலுள்ள இன்னொருவரின் வாழ்க்கை திசை மாறுகிறது. பெரும்பாலும் அவர் ஒரு ஸ்திரீ. மகளோ, மருமகளோ, வயது முதிர்ந்த மனைவியோ, அன்று முதல் அவர் தாதியாகிறார். அவரை யாரும் அந்த உத்தியோகத்தில் நியமிப்பதில்லை, அதிலிருந்து விடுவிப்பதுமில்லை.

இதைக் குடும்ப விஷயமென்று சொல்லி ஒதுக்குவது வழக்கம். நாம் அப்படிக் கருதவில்லை.

தியாகராய நகர் பழைய ஊரல்ல. மாம்பலம் ஏரியைத் தூர்த்து, 1920-களில் மனை போட்டு, சர் பிட்டி தியாகராயரின் பெயரையும் அதன் நடுவிலுள்ள பூங்காவுக்குப் பனகல் ராஜாவின் பெயரையும் இட்டார்கள். ஆகவே ஒரு குடும்பத்தின் மூன்று நான்கு தலைமுறைகளை ஒரே தெருவில் வைத்துப் பார்க்க இவ்வூர் வசதியானது. முதலில் குடியேறியவர்களின் காலத்தில் பிரசவம் வீட்டின் பின்கட்டில் மருத்துவச்சியின் கையில் நடப்பது சாதாரணம். எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லிருந்தும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885-லிருந்தும் இருந்தன என்றாலும், அவற்றை நாடிச் செல்லப் பல வீட்டார் தயங்கினார்கள். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 99.6 சதவீதம் என்கிறது. அம்மை நோய் தொலைந்தது. இந்தியாவில் அது ஒழிந்ததென்று 1977-ல் அறிவித்தார்கள். இளம்பிள்ளை வாதம் இத்தேசத்தில் கடைசியாகக் காணப்பட்டது 2011 ஜனவரியில். தொட்டிலில் சாவு குறைந்தது. குறைந்ததன் பலனாகவே, கட்டிலில் முதுமை நீண்டது.

பக்கத்திலிருக்கும் கிண்டிக்குச் சென்றால் இந்த மாற்றத்தைக் கண்ணாரக் காணலாம். அங்கேயுள்ள கிங் இன்ஸ்டிட்யூட் 1899-ல் அம்மைப்பால் தயாரிப்பதற்காக ஏற்பட்டது. குழந்தையைக் காப்பாற்றுவதே அன்றைய கவலை. அதே வளாகத்தில்தான் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளுடன் முதியோருக்கான தேசிய வைத்திய நிலையம் திறக்கப்பட்டது. முதியோர் வைத்தியத்துக்குச் சென்னை புதியதல்ல. 1978-லேயே இங்குள்ள அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் வி. எஸ். நடராஜன் அதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியிருந்தார். நல்லதே. ஆயினும் 200 படுக்கைகள் எங்கே, இந்நகரின் முதியோர் எங்கே? மற்றவர்களெல்லாம் வீட்டில்தான் படுத்திருக்கிறார்கள்.

வீட்டிலே பராமரிப்பது தாழ்ந்த வைத்தியமென்று நாம் சொல்லவில்லை. அதற்கு நேர்மாறான உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியதே சென்னை நகரந்தான். இந்தக் கதையை நம்மவர்களிலேயே பலர் அறியார். க்ஷயரோகிகளுக்குச் சானடோரியமே கதி, நல்ல காற்றும் பால் முட்டையும் பூரண ஓய்வும் இல்லாமல் குணமாகாது என்று மேல்நாட்டு வைத்தியர்கள் நம்பிய காலம் அது. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி நடத்திய முயற்சி. நோயாளிகள் 193 பேரை இரு கூறாகப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெருக்கமான குடித்தனங்கள், ஆகாரமும் போதாது. 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்திலிருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். கூட வசித்த மனைவி மக்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவுமில்லை. உலகெங்கும் க்ஷயரோக வைத்தியம் சானடோரியத்தை விட்டு வீட்டுக்குத் திரும்பியதற்கு இந்த முடிவே முக்கிய காரணம்.

ஆனால் அந்த 'வீடு' எத்தகைய வீடென்பதைக் கவனிக்கவேண்டும். மருந்து இலவசம். சுகாதார ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வாசலில் வந்து நின்று, மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று பார்த்தார்கள், சிறுநீரைக்கூடச் சோதித்தார்கள். தவறினால் தேடி வந்து அழைத்துப் போனார்கள். அதாவது வீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்தாபனம் நின்றது. இன்று பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? ஆஸ்பத்திரியார் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வருமென்பதையும், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றும்போது தலையை உயர்த்தி வைக்காவிட்டால் அது நுரையீரலுக்குள் போகுமென்பதையும் அவள் தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது. வசதியுள்ளவர்கள் ஏஜன்சி மூலம் ஆள் வைக்கிறார்கள். தன் கிராமத்திலுள்ள தாயாரை வேறு யாரிடமோ விட்டு வந்த பெண்ணாகவே அந்த ஆளும் இருக்கக்கூடும். அவளைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

இப்பொழுது நம் அரசியல் நண்பர்களிடம் வெளிப்படையாகச் சில வார்த்தைகள். பொதுத் தொண்டில் இறங்குகிறவன் குடும்பத்தை மறக்கவேண்டுமென்பது நமக்குள் ஊறிப்போன ஒரு பெருமை. திருமலைப் பிள்ளைத் தெருவிலுள்ள காமராஜர் இல்லத்துக்கு இன்றும் ஜனங்கள் வந்து வணங்கிச் செல்கிறார்கள். 1975 அக்டோபர் 2-ந் தேதி அவர் உயிர் நீத்தது அங்கேதான். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, விவாகமும் செய்துகொள்ளாமல், ஏறத்தாழ ஒன்பது வருஷங்களைச் சிறையில் கழித்தவர் அவர். முதன்மந்திரியான பின்பும் தாயார் சிவகாமி அம்மையாரைச் சென்னைக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்ளாமல், விருதுநகர் வீட்டிலேயே இருக்கச்செய்து செலவுக்குப் பணம் அனுப்பிவந்தார் என்பதைத் தியாகத்தின் லட்சணமாக எல்லோரும் பாராட்டுகிறோம். பாராட்டவேண்டியதே. ஆனால் அந்த விருதுநகர் வீட்டில் தாயாருடன் இருந்தவர் தங்கை நாகம்மாள். அவருக்கு எங்கும் சிலையில்லை. நாம் காமராஜரைக் குறை கூறவில்லை. பிறர் வீட்டுக் குழந்தைகளின் பராமரிப்பை அவர் மறந்தவருமல்லர். ஆதரவற்ற சிசுக்களுக்காக 1949-ல் அவருடைய முயற்சியாலும் மஞ்சுபாஷிணி அம்மையாரின் உழைப்பாலும் தோன்றிய பால மந்திர், தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் இன்றும் நடந்துவருகிறது. நாம் சொல்வது, தியாகத்தின் கணக்கை எழுதும்போது நாகம்மாள்களின் பங்கையும் சேர்த்து எழுதவேண்டுமென்பதே.

தேசத் தொண்டும் வீட்டுச் சிசுருஷையும் ஒன்றுக்கொன்று விரோதமென்று நினைக்கிறவர்கள் காந்தியடிகளின் சரித்திரத்தை மறுபடி புரட்டிப் பார்க்கட்டும். பாலியத்தில் நோயாளியான தகப்பனாரின் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மருந்து கலந்து கொடுத்து, இரவில் கால் பிடித்துவிட்டவர் அவர். 1900-ல் தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா அம்மையாருக்குக் கடைசிப் பிரசவ வேதனை திடீரென்று கண்டபோது, வைத்தியர் வர நேரமில்லாமல், புத்தகம் படித்துக் கற்றிருந்த அறிவைக்கொண்டு தாமே பிரசவம் பார்த்தார். அவ்விதம் அவர் கையில் பிறந்த தேவதாஸ்தான் 1918-ல் சென்னைக்கு வந்து முதல் ஹிந்தி வகுப்பை நடத்தியவர். அந்தப் பிரசார சபை இப்போது இருப்பதும் தியாகராய நகரிலேயே. பிற்காலத்தில், சேவாக்கிராமத்தில் குஷ்டரோகியான பர்ச்சூரே சாஸ்திரிக்கு மகாத்மா தம் கையாலேயே எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டார். உலகத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதிய அதே நாட்களில் அதற்கும் அவருக்குப் பொழுது இருந்தது. நம்மில் ஒரு வட்டச் செயலாளருக்கு இல்லை என்கிறார்!

2019-ல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி, வீட்டிலுள்ளோரைப் பராமரிப்பதில் ஈடுபடும் ஸ்திரீகள் நாளொன்றுக்கு 134 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள்; ஈடுபடும் ஆண்கள் 76 நிமிஷம். சமையல், துவையல் முதலிய வீட்டு வேலைகளில் இவ்வேற்றுமை 299-க்கு 97. ஆண்களில் பராமரிப்பில் ஈடுபடுகிறவர்களே சொற்பம் என்பதையும் சேர்த்துக் கொள்ளவேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? 2007-ம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெற முதியோருக்கு வழி செய்கிறது. பணத்தைப் பற்றிய சட்டம் அது. கை கால்களைப் பற்றியதல்ல. வெளிநாட்டிலிருக்கும் மகன் பணத்தை அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருக்கலாம். உத்தியோகம் பார்க்கும் தாய்க்கு 2017 முதல் 26 வாரப் பிரசவ விடுமுறை உண்டு. தகப்பனார் படுக்கையில் விழுந்தால் அவளுக்கோ அவள் சகோதரனுக்கோ அத்தகைய விடுமுறை எங்கே? முதுமை நம்மைவிட முன்னதாக வந்து சேர்ந்த ஜப்பான் தேசத்தார், 2000-ம் வருஷத்திலேயே நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் எல்லோரிடமும் சந்தா வாங்கி, நீண்டகாலப் பராமரிப்புக்கென ஓர் இன்ஷ்யூரன்ஸ் ஏற்படுத்தினார்கள். குடும்பத்தில் ஒருவரைக் கவனிக்க 93 நாள் வரை விடுமுறையும் அங்கே உண்டு. அப்படியே நகல் எடுக்கும்படி நாம் சொல்லவில்லை. அவர்களுடைய செல்வம் வேறு, நம்முடையது வேறு. ஆனால் இதைச் சர்க்கார் செய்யவேண்டிய காரியமென்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுத்த படுக்கையாயிருப்பவர்களுக்கு நோவு தணிக்கும் சிகிச்சையும் தேகப் பயிற்சி சிகிச்சையும் உண்டு. சேத்துப்பட்டு ஆராய்ச்சியின் வாரிசென்று இதைச் சொல்லலாம். எனினும் இது நோயாளியைத் தேடி வருகிறது. அவர் அருகில் விழித்திருக்கிறவளைத் தேடி இன்னும் வரவில்லை. அவளுக்கு வாரத்தில் ஒரு பகல் ஓய்வு, புரட்டவும் குளிப்பாட்டவும் குழாயில் ஊட்டவும் முறையான பயிற்சி, இரவில் சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிய ஓர் ஆள்: இம்மூன்றும் பெரிய காரியங்களல்ல. மாநகராட்சியின் சுகாதார நிலையங்களிலேயே ஓர் அறையை ஒதுக்கி, பகற்பொழுதில் முதியோரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மாம்பலத்தாருக்கு இது முடியாதென்று யாரும் சொல்லக்கூடாது. மேற்கு மாம்பலத்தில் எம். சி. சுப்பிரமணியம் என்னும் சமூக ஊழியர் 1950-களில் சிறிய அளவில் தொடங்கிய பொது சுகாதார நிலையம் பிறகு ஆஸ்பத்திரியாகவே வளர்ந்ததைக் கண்டவர்கள் அவர்கள்.

வருகிற வட்டக் கூட்டங்களில் சாலையையும் சாக்கடையையும் பேசி முடித்தபின், கால்மணி நேரத்தை இதற்கு ஒதுக்குமாறு தியாகராய நகர் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தெருத் தெருவாக, எந்த வீட்டில் யார் படுக்கையிலிருக்கிறார்கள், அவரைப் பார்த்துக்கொள்கிறவர் யார், அவருக்கு வயதென்ன, அவர் கடைசியாக எப்போது ஒரு முழு இரவு தூங்கினார் என்று ஒரு ஜாபிதா தயாரிக்கலாம். தத்தம் வீட்டிலிருந்தே அதை ஆரம்பிப்பது உசிதம்.