கை அதே கை. கார் மட்டும் வேறு!

1982-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்க மோட்டார்த் தொழிலின் தலைநகரமாம் டெட்ராய்ட் பகுதியில், வின்சென்ட் சின் எனும் 27 வயது வாலிபனை இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்து வீழ்த்தினர். நான்காம் நாள் அவன் மாண்டான். அடித்தவர்கள் மோட்டார்த் தொழிலைச் சார்ந்தவர்கள். தங்களுக்கு வேலை போனதற்கு அவனைச் சேர்ந்தவர்களே காரணம் என்று ஏசியதாக ஒரு பெண் சாட்சி சொன்னாள். ஜப்பானியன் என்று எண்ணினார்களாம்! அவனோ சீன வம்சாவளி அமெரிக்கன். மாநில நீதிமன்றம் தந்த தண்டனை என்ன தெரியுமா? ஆளுக்கு மூவாயிரம் டாலர் அபராதம், நன்னடத்தைக் காவல். சிறை இல்லை!

வேலை போனது பொய்யல்ல. போக்கியவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பெட்ரோல் பங்குகளில் மைல் கணக்கில் வரிசை. யானைக்குத் தீனி போட்டாற்போல் பெட்ரோல் குடிக்கும் படகுக் கார்களை வைத்துக்கொண்டு விழித்தது டெட்ராய்ட். ஜப்பானோ எண்ணெய் வளமற்ற நாடு; எஞ்சின் பெருத்தால் வரியும் பெருக்கும். ஆகவே சிறுகக் கட்டிப் பழகியிருந்தது. பிறவியிலேயே மேதைகளா அவர்கள்? இல்லை! 1958-இல் டொயோட்டா அனுப்பிய கிரவுன் கார், கலிபோர்னியா நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கியது. 1960-இல் ஏற்றுமதியையே நிறுத்தினர். திருத்திக் கொண்டு, 1965-இல் கொரோனாவுடன் வந்தனர். தரக் கட்டுப்பாட்டை 1950-இல் அவர்களுக்குப் போதித்த டெமிங்கோ ஓர் அமெரிக்கர்! அவர் பெயரால் ஜப்பான் பரிசு நிறுவிய பின்னும், சொந்த நாட்டு முதலாளிகளின் செவியில் அவர் சொல் ஏற முப்பதாண்டு பிடித்தது.

அதற்குள் டெட்ராய்ட் என்ன செய்தது? செவர்லே வேகா என்றொரு சிறு காரை 1970-இல் விட்டது. சூடேறினால் அலுமினிய எஞ்சின் கோணும். உடலோ துருப்பிடித்து உதிரும். வாங்கியவன் மறுமுறை எந்தக் கடைக்குப் போவான்?

முடியாததல்ல. 1975-இல் சட்டம் வந்தது: 1985-க்குள் கேலனுக்குச் சராசரி 27.5 மைல் ஓட வேண்டும் என்று. முணுமுணுத்தார்கள், ஆனாலும் புதுக் கார்களின் மைலேஜ் ஏறத்தாழ இரட்டித்தது! சிறு லாரிகளுக்கு மட்டும் சட்டம் தளர்வு; வெளிநாட்டு லாரிக்கு 1964 முதலே 25 சதவீத வரி. விடுவார்களா? ஆதாயம் அங்கே என்று அந்தப் பக்கமே சாய்ந்தார்கள்.

"அமெரிக்கத் தொழிலாளி சோம்பேறி, அதனால் கார் கெட்டது" என்போர் உண்டு. அவர்களை ஃபிரிமாண்டுக்கு அழைக்கிறோம். கலிபோர்னியாவின் அவ்வூரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. குறையுள்ள கார் வந்தாலும் வரிசையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது பெருங்குற்றம்! 1982-இல் ஆலை மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து திறந்தது. பழைய தொழிலாளரில் பெரும்பாலோரே திரும்பினர், அதே சங்கம். சிலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றினர். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு: குறை கண்டால் இழு, வரிசை நிற்கட்டும், கூடிச் சரி செய்வோம் என்றனர். வராதோர் தொகை சரிந்தது. ஈராண்டுக்குள் தரம் ஜப்பானிய ஆலையை எட்டிப் பிடித்தது!

சோம்பேறி எங்கே போனான்? நாம் கேட்கிறோம்.

ஜப்பானிய நிறுவனங்கள் உத்தமர்கள் என்று நாம் சாமரம் வீசவில்லை. டொயோட்டா 2009, 2010-இல் லட்சக்கணக்கில் கார்களைத் திரும்ப அழைத்தது. மைலேஜ் கணக்கில் புரட்டு நடந்ததை மிட்சுபிஷி 2016-இல் ஒப்புக்கொண்டது. தவறினால் அவர்களையும் சாடத்தான் வேண்டும்.

அந்த ஃபிரிமாண்டில் ஒரே கூரையின் கீழ், ஒரே கைகளால், இரட்டைப் பிள்ளைகளாக இரு கார்கள் பிறந்தன. ஒன்றுக்கு டொயோட்டா கொரோல்லா என்று முத்திரை. மற்றதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிஸ்ம் என்று முத்திரை. பழைய கார்ச் சந்தையில் கொரோல்லாவுக்கே அதிக விலை கொடுத்தார்கள், அதே அமெரிக்கர்கள்!