முப்பத்தாறு ஆண்டுகள் தட்டிய கதவு

உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் நடைபெறும் நாட்களில் வீட்டுப் பிள்ளைகள் நள்ளிரவு வரை தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தப் போட்டி எந்த நாட்டில், எந்த ஊரில் நடைபெற வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் யார்? அந்த வாய்ப்பைப் பெறுவதற்கு ஊர்கள் எத்தனை பாடுபடுகின்றன? இதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மொராக்கோ நாட்டின் கதையைக் கேளுங்கள், விளங்கும்.

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரம் அமைந்த நாடு அது. 1994ஆம் ஆண்டுப் போட்டியைத் தன் மண்ணில் நடத்த அது முதன்முதலாக விண்ணப்பித்தது. 1988 ஜூலை 4 அன்று ஃபிஃபாவின் செயற்குழு வாக்களித்தபோது அமெரிக்கா 10 வாக்குகளும் மொராக்கோ 7 வாக்குகளும் பிரேஸில் 2 வாக்குகளும் பெற்றன. அமெரிக்காவிடம் பெரிய அரங்குகள் ஆயத்தமாக இருந்தன. மொராக்கோவின் அரங்குகளில் பெரும்பாலானவை காகிதத்தில் வரையப்பட்ட படங்களாகவே இருந்தன. நான்காண்டுகள் கழித்து 1998ஆம் ஆண்டுப் போட்டிக்கு மீண்டும் முயன்றது. பிரான்ஸுக்கு 12, மொராக்கோவுக்கு 7. 2006ஆம் ஆண்டுப் போட்டிக்கான தேர்தலில் முதல் சுற்றிலேயே 2 வாக்குகளுடன் வெளியேறிற்று. 2010க்கு வெற்றி மிக அருகில் வந்து நழுவியது. தென்னாப்பிரிக்கா 14, மொராக்கோ 10. 2018இல் உறுப்பு நாடுகள் வாக்களித்த தேர்தலில், அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ கூட்டணியிடம் 134க்கு 65 என்ற கணக்கில் தோற்றது. ஸவூதி அரேபியா உள்ளிட்ட அரபு நாடுகள் சில எதிரணிக்கு வாக்களித்ததுதான் அன்று மொராக்கோ மக்களை அதிகம் புண்படுத்திற்று.

இந்தத் தேர்தல்கள் எல்லாம் தூய்மையாக நடந்தன என்று நினைத்துவிடாதீர்கள். 1998, 2010 ஆகிய இரு போட்டிகளுக்கான தேர்வுகளிலும் லஞ்சம் பெற உடன்பட்டதாக, ஃபிஃபா செயற்குழுவில் இருந்த சக் பிளேஸர் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அது 2015இல்தான் வெளியே தெரிந்தது.

தோல்வியிலும் மொராக்கோ அரங்கு கட்டுவதை நிறுத்தவில்லை என்பதே இக்கதையில் வியப்புக்குரியது. ஃபிஃபாவின் விதிப்படி, உலகக் கோப்பை ஆட்டம் ஒன்று நடைபெற வேண்டுமானால் அரங்கில் குறைந்தது 40,000 பேர் அமர இடம் இருக்க வேண்டும். அரையிறுதி ஆட்டத்துக்கு 60,000. தொடக்க ஆட்டத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் 80,000. ஃபெஸ் நகரில் 2007இலும், மர்ராகேஷ், தன்ஜா நகரங்களில் 2011இலும், அகாதிரில் 2013இலும் புதிய அரங்குகள் திறக்கப்பட்டன. தன்ஜா அரங்கின் பெயர் இப்னு பதூதா. ஆம், அந்நகரில் 1304இல் பிறந்து, பதினான்காம் நூற்றாண்டில் நம் மதுரை வரை வந்து சென்ற அதே பயணியின் பெயர்தான்!

2022இல் கத்தாரில் நடந்த போட்டியில் மொராக்கோ அணி முதலில் ஸ்பெயினையும் பின்னர் போர்ச்சுகலையும் வீழ்த்தி, அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி, முதல் அரபு அணி என்ற பெருமையைப் பெற்றது. மறு ஆண்டே அந்த இரு நாடுகளுடனும் கூட்டாளியாயிற்று. 2030ஆம் ஆண்டுப் போட்டியை மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தும் என்னும் அறிவிப்பு 2023 அக்டோபர் 4 அன்று வெளியாயிற்று. அப்போது மொராக்கோ துக்கத்தில் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் 8ஆம் நாள் அட்லஸ் மலைப்பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்திருந்தனர். மலைக் கிராமத்தவர் கூடாரங்களில் தங்கியிருந்தனர். 2024 டிசம்பர் 11 அன்று ஃபிஃபா மாநாடு அந்த முடிவை உறுதி செய்தது.

காஸாபிளாங்கா, ரபாத், தன்ஜா, மர்ராகேஷ், அகாதிர், ஃபெஸ் ஆகிய ஆறு நகரங்கள் மொராக்கோவின் பங்காகக் குறிக்கப்பட்டன. ரபாத்தின் பழைய அரங்கு இடிக்கப்பட்டு, 68,000க்கும் அதிகமானோர் அமரத்தக்க புதிய அரங்காக 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. காஸாபிளாங்காவுக்கு வெளியே பென்ஸ்லிமான் பகுதியில் எழுப்பத் திட்டமிட்ட ‘ஹஸன் 2’ பேரரங்கோ 1,15,000 இருக்கைகள் கொண்டது. திருவிழாக் காலங்களில் மக்கள் கூடும் பெரிய கூடாரத்தைப் போல அதன் கூரை வடிவமைக்கப்பட்டுள்ளது. மதிப்பிட்ட செலவு 500 கோடி திர்ஹம்.

அரசர் இரண்டாம் ஹஸனின் பெயரிலேயே அகாதிர் நகரில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. அறுவைச் சிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற எட்டுத் தாய்மார்கள் 2025இல் அங்கே அடுத்தடுத்து இறந்தனர். அச்செய்தி பரவியதும் நாடு கொதித்தெழுந்தது. ‘ஜென்ஸி 212’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இளைஞர்கள் செப்டம்பர் 27 முதல் பல நகரங்களில் தெருவுக்கு வந்தனர். 212 என்பது மொராக்கோவின் தொலைபேசிக் குறியீட்டு எண். இதோ அரங்குகள் இருக்கின்றன, மருத்துவமனைகள் எங்கே என்று அவர்கள் முழங்கினர். அவர்களும் கால்பந்தை நேசிப்பவர்கள்தாம். கத்தாரில் வெற்றி கிட்டிய இரவுகளில் இதே தெருக்களில் ஆடிப்பாடியவர்கள்தாம். அக்டோபர் 1 அன்று அகாதிருக்கு அருகில் காவல்படை சுட்டதில் மூவர் மாண்டனர்.

அரங்கு கட்டாதிருந்தால் அந்தப் பணம் அப்படியே மருத்துவமனைக்குச் சென்றிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கட்டடத்தைப் பணத்தால் இரண்டு ஆண்டுகளில் எழுப்பலாம். ஒரு மருத்துவரை உருவாக்க அதற்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி மொராக்கோவில் 10,000 பேருக்கு 7.7 மருத்துவப் பணியாளர்களே இருந்தனர்; அகாதிர் பகுதியில் 4.4 பேர் மட்டுமே. ஆனால், பிரசவ அறையில் மகளை இழந்த தாய்க்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல யாரால் இயலும்? உலகுக்குக் காட்டும் வேலைக்கு நாள் குறித்து, அதற்குள் முடித்துக் காட்டும் அரசு, மருத்துவமனைக்கு அப்படி ஒரு நாள் குறிக்காதது ஏன் என்றுதான் அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். அக்கேள்வி நியாயமானதே.

அந்த அக்டோபர் மாதத்திலேயே, 2026ஆம் ஆண்டில் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் சேர்த்து 14,000 கோடி திர்ஹம் ஒதுக்குவதாகவும், அவ்விரு துறைகளிலும் 27,000க்கும் மேற்பட்ட பணியிடங்களை உருவாக்குவதாகவும் அரசு அறிவித்தது. டிசம்பரில் ரபாத்தின் புதிய அரங்கில் ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டிகள் தொடங்கின. ‘ஹஸன் 2’ பேரரங்கை முடிப்பதற்குக் குறிக்கப்பட்ட காலம் 2027ஆம் ஆண்டின் இறுதி.