கடலைக் காட்டு முயலும் வேட்டை நாயும்



உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பகுதி மானாவாரி நிலங்களில் நிலக்கடலையோ பாசிப்பயறோ முளைத்து இலை விட்ட சில நாட்களில், விடியற்காலையில் போய்ப் பார்த்தால் செடிகள் நுனியில்லாமல் நிற்பதுண்டு. தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போல் இருந்தால் அது முயலின் வேலை. ஆடு கடித்தால் தண்டு பிய்ந்து நார் தொங்கும். அருகில் சற்றே தட்டையான உருண்டைப் புழுக்கையும் கிடந்தால் ஐயமே வேண்டாம்.

நம் காட்டு முயலின் பிடரியில் கரிய திட்டு ஒன்று உண்டு. கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயலும் இதுவும் ஒன்றல்ல. வளர்ப்பு முயல் ஐரோப்பிய இனம். அதன் மூதாதையர் வளை தோண்டி வாழ்ந்தவை; குட்டிகள் ரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். நம் முயல் வளை தோண்டாது. புல் புதரடியில் உடல் பதியும் அளவுக்குப் பள்ளம் செய்து பகலெல்லாம் படுத்திருக்கும். குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். தாய் பகலில் விலகியே இருக்கும். ஆகவே களை எடுக்கும்போது குட்டி தென்பட்டால், அநாதை என்று எண்ணி வீட்டுக்கு எடுத்து வராமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இனி நாய்க்கு வருவோம். அமெரிக்காவில் பஞ்சுவால் முயல் என்ற இனத்தைப் பீகிள் நாய்களை விட்டு வேட்டையாடுகிறார்கள். பீகிள் மோப்பம் பிடித்துக் குரைத்துக்கொண்டே மெதுவாகத் தொடரும். முயல் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். வேட்டைக்காரர் துப்பாக்கியோடு அங்கே காத்திருப்பார். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு வகை. மோப்பத்தை விடக் கண்ணை நம்பி, வெட்டவெளியில் விரட்டிப் பிடிப்பவை. இந்த நாய்களின் பெருமையே முயல் வேட்டைதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் சட்டம் மாறிவிட்டது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதலில் உரிமம் பெற்று முயல் வேட்டையாட இடமிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. கண்ணி வைப்பது மட்டுமன்று, நாயை ஏவி விரட்டுவதும் வேட்டையே என்கிறது சட்டம். சொந்தப் பட்டா நிலம், திருவிழா வழக்கம் என்ற சமாதானங்கள் செல்லா. மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு நேரக் கறிக்காக ஒரு போக வருமானத்தை இழப்பது கணக்குக்கு ஒத்து வருமா என்று நீங்களே பாருங்கள். கறிதான் தேவையென்றால் வளர்ப்பு முயல் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முயல்களில் நெடுங்காலமாக ஆய்வு செய்து வருகிறது.

பயிரைக் காக்க எளிய வழி வேலிதான். இரண்டரை அடி உயரத்துக்குச் சிறு கண் கம்பி வலை கட்டி, அடிப்பகுதியை அரையடி மண்ணில் புதைக்க வேண்டும். புதைக்காவிட்டால் முயல் அடியில் நுழைந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான். வலைக்குச் செலவிட இயலாதவர்கள் இலந்தை முள்ளையோ கருவேல முள்ளையோ இடைவெளியின்றி நெருக்கி அடைக்கலாம். பெரும் சேதம் இளம் பயிரில்தான்; தண்டு முற்றிய பின் அச்சம் குறைவு. வரப்போரப் புதர்களை விதைப்புக்கு முன்பே வெட்டிவிட்டால், பகலில் பதுங்க முயலுக்கு இடமிராது. மின்கம்பி இழுப்பதோ நஞ்சு வைப்பதோ கூடவே கூடாது. இருட்டில் முதலில் மிதிப்பது பக்கத்து நிலத்துக்காரரின் கால்.

சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. இரவில் காவல் கொட்டகையருகே நீளக் கயிற்றில் கட்டிப் போடுங்கள். நாய் இருக்கும் வாடைக்கும் குரைப்புக்கும் முயல் தயங்கும். கயிற்றை அவிழ்த்து விட்டால்தான் அது வேட்டையாகும்.